பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் காற்று வழி தவறும்போது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

வால்வை மாற்றினால் வேகம் கூடுமா, சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கினால் புள்ளி ஏறுமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்கள் துப்பாக்கியின் வேகம் என்ன? பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. அளக்காமலேயே திருகுச்சாவியை எடுத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆசை தானாகத் தணியும். பந்தயத் துப்பாக்கியின் பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, சுமார் 0.53 கிராம் எடையுள்ளது. குழாயை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில் இருக்கும். பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி ஆகிறது. அந்த நேரத்தில் பெல்லட் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் கீழே விழுகிறது. குறிகாட்டியை ஒருமுறை சரிசெய்துவிட்டால் இந்த வீழ்ச்சியால் நட்டமில்லை. அது ஒவ்வொரு முறையும் மாறினால்தான் நட்டம். வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் குறைந்தால் பெல்லட் 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். பத்து மீட்டர் குறைந்தால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், தசமப் புள்ளியில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். ஆக, இந்த விளையாட்டில் துப்பாக்கியின் திறன் என்பது ஒரு போட்டியின் அறுபது குண்டுகளுக்கும் ஒரே வேகத்தைத் திரும்பத் தருவது. 170 இருக்கும் வேகத்தை 200 ஆக்கி, அதில் பத்து மீட்டர் ஏற்ற இறக்கத்தை வரவழைத்துக்கொண்டவருக்குக் கையில் வந்தது நட்டம் மட்டுமே.

கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் 630.7 புள்ளி எடுத்துப் பத்தாம் இடத்தோடு நின்றார். 631.5 எடுத்த ரமிதா ஜிந்தால் ஐந்தாம் இடம் பிடித்து இறுதிச்சுற்றுக்குப் போனார். அறுபது குண்டுகளுக்கும் சேர்த்து இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி. அட்டையில் அளந்தால் மொத்தம் 2 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் ஆடுகிறவர்களுக்கு காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் ஒட்டிய ஒரு துகள்கூடப் பொருட்படுத்தத் தக்கதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் பாதி அக்கறை போதும். ஆனால் அந்தப் பாதியாவது வேண்டும்.

இங்கே பேசுவது அழுத்தக் காற்றில் இயங்கும் பந்தயத் துப்பாக்கிகளைப் பற்றி. காற்று போகும் வழியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில், காற்று இருக்கிறது. அதை ரெகுலேட்டர் ஒரு நிலையான குறைந்த அழுத்தத்துக்கு இறக்கி ஒரு சிறு அறையில் நிரப்புகிறது. விசையை இழுத்ததும் சுத்தியல் பாய்ந்து வால்வின் தண்டைத் தட்டுகிறது. வால்வு நொடியின் மிகச் சிறிய பங்குக்குத் திறந்து மூடுகிறது. வெளியேறிய காற்று ஒரு குறுகிய துவாரத்தின் வழியே பெல்லட்டின் பின்புறம் போய்ச் சேர்கிறது. பழுது எதுவாக இருந்தாலும் இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

குழாய் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். சிலிண்டரைக் கழற்றுங்கள். உள்ளே மிஞ்சிய காற்றை, பெல்லட் இல்லாமல், இலக்குப் பக்கம் நோக்கிச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். அழுத்தம் இருக்கும்போது எந்தத் திருகையும் தொடக்கூடாது; 200 பாரில் தெறிக்கும் ஒரு சிறு மூடி எலும்பை உடைக்கும், கண்ணைப் பறிக்கும். கண்ணாடி அணிவதைக் கோழைத்தனமாக நினைப்பவர்கள் வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, தேங்காய் எண்ணெய் எதுவும் அழுத்தக் காற்று போகும் வழியில் படக்கூடாது. காற்று திடீரென அமுங்கும்போது எழும் வெப்பத்தில் எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குத் தூய சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் பளபளப்புத் தெரியும் அளவுக்கு.

மூன்றாவது, ஆக்சிஜன். துறைமுகப் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் பெரிய சிலிண்டர்கள் நிற்கின்றன. யாராவது நல்லெண்ணத்தில் "இதிலிருந்தே நிரப்பித் தருகிறேன், தம்பி" என்று சொல்லக்கூடும். கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆக்சிஜனும் கிரீஸும் அழுத்தத்தில் சந்தித்தால் வெடிக்கும். டயர் கடையின் நைட்ரஜனால் ஆபத்தில்லை, பயனும் இல்லை. அங்கே இருப்பது சில பார் அழுத்தம் மட்டுமே.

நிரப்பிய ஒரு மணி நேரத்தில் கேஜ் (அழுத்தமானி) இறங்கிவிடுகிறது

பெரும்பாலும் இது பழுதே அல்ல. காற்றை வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரியில் 200 பார் காட்டினால், அது அறை வெப்பமான 30 டிகிரிக்கு ஆறியதும் 187 அல்லது 188 பார்தான் காட்டும். ஒரு துளிக் காற்றும் வெளியே போகவில்லை. வெளியே சித்திரை வெயிலில் நிரப்பிய சிலிண்டரைக் குளிரூட்டிய அரங்குக்குக் கொண்டுபோனாலும் இப்படித்தான்: 34 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு இறங்கினால் 200 பார் 192 ஆகும். ஆறிய பிறகு காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே அறையில் மீண்டும் பாருங்கள். அப்போதும் குறைந்திருந்தால்தான் அடுத்த தலைப்புக்குப் போக வேண்டும்.

மெதுவாக நிரப்புவதே இதற்கு மருந்து. ஸ்கூபா தொட்டியின் (ஆழ்கடல் நீச்சலுக்கான காற்றுத் தொட்டி) வால்வை மயிரிழை அளவு திறந்து, கேஜின் முள் ஊர்ந்து ஏறும்படி விடுங்கள்.

இரவோடு இரவாகக் காற்று போய்விடுகிறது

முதலில் கசிவு சிலிண்டரிலா, துப்பாக்கியிலா என்று பிரித்தறிய வேண்டும். சிலிண்டரைக் கழற்றித் தனியே வைத்து ஓர் இரவு பாருங்கள். அப்போதும் இறங்கினால் சிலிண்டரின் தலை வால்வு அல்லது கேஜ்தான் காரணம். கழற்றிய சிலிண்டரை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு குமிழி வந்தால்கூடக் கண்ணில் படும். துப்பாக்கியைத் தண்ணீரில் அமிழ்த்தக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தனியே இருக்கும்போது நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் கசிவு துப்பாக்கியில். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் சேரும் மரை முதலாவது. சோப்பு நுரையைத் தூரிகையால் தடவினால் தெரிந்துவிடும். இங்கே இருக்கும் ஓ-ரிங் அடிக்கடி மாட்டிக் கழற்றுவதால் தேய்கிறது. சிலிண்டரைக் கையால் இறுக்கினால் போதும். பிடிகருவி வைத்து முறுக்குகிறவர்கள் ஓ-ரிங்கை அரைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, ரெகுலேட்டரின் மூச்சுத்துளை. ரெகுலேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும். அதற்காகவே உடற்பகுதியில் ஊசிமுனை அளவு ஒரு துளை விடப்பட்டிருக்கிறது. இது ஏதோ குறை என்று நினைத்துப் பசை வைத்து அடைத்தவர்கள் உண்டு. அடைத்தால் ரெகுலேட்டரின் அளவே கெட்டுப்போகும். அந்தத் துளையில் நுரை குமிழியிட்டால் பிஸ்டனின் ஓ-ரிங் போய்விட்டது என்று பொருள். மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, துப்பாக்கியின் வாய். வால்வு சரியாக மூடாவிட்டால் காற்று குழாய் வழியே வெளியேறும். மருத்துவக் கையுறையின் ஒரு விரலை வெட்டி, காலியான துப்பாக்கியின் வாயில் மாட்டிவிட்டுக் காத்திருங்கள். உப்பினால் குற்றவாளி வால்வுதான். முகத்தையோ கன்னத்தையோ வாயருகே வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வால்வின் இருக்கையில், அதாவது மூடும்போது அது உட்காரும் இடத்தில், தூசி ஒட்டியிருந்தால், பெல்லட் இல்லாமல் இலக்கு நோக்கி இரண்டு மூன்று முறை சுட்டாலே அது ஊதி வெளியேறிக் கசிவு நிற்பதுண்டு. நிற்காவிட்டால் வால்வைக் கழற்றி இருக்கையைப் பார்க்க வேண்டும். அதில் கீறல் தெரிந்தால் வீட்டில் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம். வட்டம் கெட்டுவிட்டால் பிறகு எந்த வால்வும் அங்கே உட்காராது. உதிரிபாகமாக வாங்கி மாற்றுங்கள்.

முழுக்கக் காலியான துப்பாக்கியில் காற்றே ஏறவில்லை, சீறிக்கொண்டு வெளியே போகிறது

பதற வேண்டாம். உள்ளே அழுத்தமே இல்லாதபோது சுத்தியல் ஸ்பிரிங் வால்வின் தண்டை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். துப்பாக்கியை ஏற்றிய நிலையில், அதாவது சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திய நிலையில், சிலிண்டரை மாட்டுங்கள். குழாயில் பெல்லட் இருக்கக்கூடாது, வாய் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். வால்வு மூடிக்கொள்ளும்.

இடைவெளி விட்டபின் சுடும் முதல் குண்டு மட்டும் தனியே போகிறது

இந்தக் குறையைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடர்ந்து சுட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து சுட்டால் முதல் குண்டு ஒன்பதில் விழும். பயிற்சியாளர் "கவனம் சிதறிவிட்டது" என்பார். பையன் தலையைக் குனிந்துகொள்வான். குற்றம் அவன் மீது இல்லாமலும் இருக்கலாம்.

ரெகுலேட்டர் தன் அளவுக்கு வந்ததும் முழுவதும் மூட வேண்டும். இருக்கையில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலோ, தடம் பதிந்திருந்தாலோ, சரியாக மூடாத தண்ணீர்க் குழாய் சொட்டுவதைப் போலக் காற்று மெல்ல மெல்லக் கசிந்து அறையின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து சுடும்போது ஏறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. கால் மணி நேரம் சும்மா வைத்தால் ஏறிவிடுகிறது.

சோதிக்கும் முறை இது. துப்பாக்கியை நிலையான தாங்கியில் வைத்து, வேகமானி (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) முன்னே ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து குண்டு சுடுங்கள். கால் மணி நேரம் விட்டு ஒரு குண்டு. மறுபடி ஐந்து, மறுபடி இடைவெளி, மறுபடி ஒன்று. இடைவெளிக்குப் பிந்தைய குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகினால் ரெகுலேட்டர்தான். ஒருமுறை விலகி, மறுமுறை விலகாவிட்டால் பயிற்சியாளர் சொன்னதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் வேகமும் ஏற வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பல துப்பாக்கிகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால், பின்னாலிருந்து தள்ளும் காற்று வால்வை இறுக மூடிப்பிடித்துக்கொள்ளும். சுத்தியலின் அடிக்கு அது சிறிதளவே, சிறிது நேரமே திறக்கும். அப்போது வேகம் குறையும். ஆகவே முதல் குண்டு கீழே விழுந்தாலும் அழுத்தம் கூடிப்போனதுதான் காரணமாக இருக்கக்கூடும். இது தெரியாதவர், வேகம் குறைகிறதே என்று ரெகுலேட்டரை இன்னும் ஏற்றிவைப்பார். குறை மேலும் வளரும். பிறகு சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்குவார். அத்தோடு துப்பாக்கி தன் அசல் அளவுகள் எல்லாவற்றையும் இழந்துவிடும். பழுது பார்க்க வருகிற துப்பாக்கிகளில் மிகவும் தொல்லை தருபவை இவையே: முதலில் இருந்த குறை ஒன்று, அதன்மேல் மூன்று திருத்தங்கள்.

சரிசெய்வதற்குத் துணிவைவிடப் பொறுமைதான் வேண்டும். காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். அளவுத் திருகு எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுங்கள். உள்ளே கிண்ண வடிவ வாஷர்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவைதான் ரெகுலேட்டரின் ஸ்பிரிங். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது மாறினால் அழுத்தமே மாறிவிடும். அவற்றை ஒரு கம்பியில் வரிசை மாறாமல் கோத்துவைப்பது நல்ல பழக்கம். பிஸ்டனின் முனையையும் இருக்கையையும் உருப்பெருக்கியில் பாருங்கள். தூசியானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நார் உதிராத துணியால் துடைக்கலாம். பிளாஸ்டிக் இருக்கையில் ஆழமான வட்டத் தடம் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். எண்ணிவைத்த அதே சுற்றுக்குத் திருகைத் திருப்பி, மறுபடி வேகமானி முன்னே அந்தச் சோதனையைச் செய்யுங்கள். புதிய இருக்கை படிந்து அமையச் சில டஜன் குண்டுகள் ஆகலாம். முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

வேகம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது

ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கிக்கு இது இயல்பு. நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் அதிகம், வால்வு குறைவாகத் திறக்கிறது. அழுத்தம் இறங்க இறங்க வால்வு நன்றாகத் திறந்து வேகம் கூடுகிறது. பிறகு தள்ளுவதற்குக் காற்று போதாமல் இறங்குகிறது. வேகமானியில் குறித்து, சமமான பகுதி எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தம் வரை என்று கண்டுபிடித்து, அதற்குள்ளேயே சுட்டுப் பழகுங்கள். 200 பார் நிரப்ப முடியும் என்பதற்காக நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியில் வேகம் கடைசியில் மட்டும் சரிந்தால், சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போய்விட்டது. நிரப்புங்கள். அவ்வளவுதான்.

வேகம் சீராக இருக்கிறது, ஆனால் முன்பிருந்ததைவிடக் குறைவு

குழாயின் பின்வாயில், பெல்லட் நுழையும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங்கை முதலில் பாருங்கள். பெல்லட்டின் ஈய விளிம்பு அதை நாள்தோறும் உரசுகிறது. வெட்டுப்பட்டிருந்தால் சுடும்போது பக்கவாட்டில் காற்று கன்னத்தில் படும். அடுத்து, வால்வுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள துவாரத்தின் ஓ-ரிங். இரண்டும் நன்றாக இருந்தால் சுத்தியல் ஓடும் பாதை. அங்கே யாரோ தடவிய கிரீஸ் பிசினாகி சுத்தியலை மெதுவாக்கியிருக்கும். துடைத்துவிட்டு உலர்ந்த நிலையில் ஓடவிடுங்கள். இதற்குப் பிறகும் வேகம் வராவிட்டால்தான் சுத்தியல் ஸ்பிரிங்கின் திருகு. அதுவும் கால் சுற்றுக்கு ஒருமுறை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன வேகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன என்று கேட்கலாம். 0.53 கிராம் பெல்லட் 168 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 7.5 ஜூல். இந்தியாவில் 20 ஜூலுக்கு மேலோ, 4.5 மில்லிமீட்டருக்கு அதிகமான குழாயோ இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். வால்வைத் துளைத்துப் பெரிதாக்கி அந்தக் கோட்டை நோக்கி நகர்கிறவர் சட்டத்தோடு மட்டும் விளையாடவில்லை. அந்த அழுத்தத்துக்கு என்று வடிவமைக்கப்படாத உலோகத்தோடும் விளையாடுகிறார். அட்டையில் பத்து மீட்டரில் துளை போட 7.5 ஜூலே தாராளம். மிஞ்சிய ஆற்றல் தோளில் உதைப்பதற்கும் காற்றை விரைவில் தீர்ப்பதற்கும்தான் உதவும். அந்த வேலைக்கான வழிமுறை என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன்.

உள்ளே ஈரம், துரு, வெண்மையான பொடி

நம் ஊர்களுக்கே உரிய நோய் இது. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் பின்புறமோ குடியிருப்பவர் கைப்பம்பில் நிரப்பினால் காற்றோடு கடலையும் சேர்த்தே அடைக்கிறார். மிகையாகச் சொல்லவில்லை. 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரம் கொண்ட ஒரு கன மீட்டர் காற்றில் 30 கிராம் நீராவி இருக்கும். 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 கிராம். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அதில் ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீர் இருக்கிறது. அமுங்கிய 0.2 லிட்டர் இடத்தில் ஆவியாகவே நிற்கக்கூடியது கிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் எல்லாம் நீராகப் படிந்தாக வேண்டும்: கொஞ்சம் பம்பில், கொஞ்சம் சிலிண்டரில், அங்கிருந்து ரெகுலேட்டரில். ஒரு நிரப்பலுக்கு ஒரு கிராம் என்பதை ஒரு பருவத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அறிகுறிகள்: ரெகுலேட்டரைத் திறந்தால் அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி, இரும்பு வாஷர்களில் செம்பழுப்புப் புள்ளிகள், கிரீஸ் பால்நிறமாக மாறியிருத்தல். பொடியைத் துடைத்து, துருப்பிடித்த வாஷர்களை மாற்றி, ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுங்கள். ஆனால் காற்றின் மூலத்தை மாற்றாமல் இதைச் செய்தால் அடுத்த ஐப்பசியில் மறுபடி இதே வேலை.

கைப்பம்பை விட முடியாதவர்கள் ஐம்பது அறுபது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, வெளியேற்றும் திருகைத் திறந்து நீரை வடித்து, பம்பை ஆறவிட வேண்டும். காற்று உள்ளே நுழையும் இடத்தில் சிலிகா ஜெல் குப்பி வைப்பது ஓரளவு உதவும். அமுக்கிய பிறகு வரும் காற்றை மாலிக்யூலர் சீவ் என்னும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய வடிகட்டி வழியே அனுப்புவது அதைவிட நல்லது. நிறம் மாறிய சிலிகா ஜெல்லை அடுப்பில் 120 டிகிரியில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில், கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும் நாட்களில், கைப்பம்பைத் தொடாமலேயே இருப்பது உத்தமம். புரட்டாசி முடிவிலேயே தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை ஸ்கூபா தொட்டிதான். புதுச்சேரியில் ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தரும் நிலையங்கள் இருக்கின்றன. மனிதர் மூச்சுவிடும் காற்று என்பதால் அவர்களது கம்ப்ரசரில் ஈரத்தையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டிகள் இருந்தே தீர வேண்டும். போய்க் கேட்கும்போது ஒளிவுமறைவு இல்லாமல் கேளுங்கள்: "அண்ணா, இது பந்தயத் துப்பாக்கி சிலிண்டரை நிரப்புவதற்கு. வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" நல்ல நிலையத்தில் இந்தக் கேள்விக்குக் கோபம் வராது, தேதி வரும். 12 லிட்டர் தொட்டியிலிருந்து 0.2 லிட்டர் சிலிண்டரை 100 பாரிலிருந்து ஏற்றினால் தொட்டியில் இரண்டு பார்கூடக் குறையாது. நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு தொட்டி வாங்கிக்கொண்டால் செலவும் தாங்கும். நிரப்பி முடித்ததும் தொட்டியின் வால்வை மூடி, இணைப்புக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றி, அதன்பின்தான் சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

பெட்டியையும் கவனியுங்கள். துப்பாக்கிப் பெட்டியின் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க மூடிய பெட்டியில் வைத்து, தை பிறந்தபின் திறக்கிறவர்கள் உலோகத்தின் மேல் பஞ்சின் அச்சு துருவாகப் பதிந்திருப்பதைப் பார்க்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது போல வெள்ளம் வீட்டுக்குள் வந்து துப்பாக்கி நனைந்துவிட்டால், வெயிலில் காயவைத்துச் சுட்டுப் பார்க்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றி, காற்றை வெளியேற்றி, முழுக்கப் பிரித்துத் துடைக்கும்வரை அதில் அழுத்தம் ஏற்றக்கூடாது.

கார்பன் டை ஆக்சைடு துப்பாக்கி வெயிலில் தறிகெட்டுச் சுடுகிறது

சுடத்தான் செய்யும். அந்த வாயு சிலிண்டரில் திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே நிற்காது. அக்னி நட்சத்திரத்தில் நம் மாடியில் அதை அடக்க எந்த வால்வுத் திருத்தத்தாலும் முடியாது. குளிரூட்டிய அறையில் வைத்துச் சுடுங்கள், அல்லது காற்றுத் துப்பாக்கிக்கு மாறுங்கள்.

வேகம் மாறவில்லை, குண்டுகள் மட்டும் சிதறுகின்றன

வால்வை விடுங்கள். பெல்லட்டின் வேறு தொகுதியை முயன்று பாருங்கள், கட்டைக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள திருகுகளின் இறுக்கத்தைப் பாருங்கள், குழாயைத் துடையுங்கள்.

ஓ-ரிங் வாங்குவது

பழைய ரிங்கை அளந்து வாங்கினால் ஏமாறுவீர்கள்; அது உப்பியோ நசுங்கியோ இருக்கும். அது உட்காரும் பள்ளத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். நெய்வேலிச் சுரங்க இயந்திரங்களை நம்பிப் பிழைக்கும் ஹைட்ராலிக் சீல் கடைகளிலும், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். "நைட்ரைல், 90 ஷோர்" என்று கேளுங்கள்; நைட்ரைல் ரப்பரின் வகை, ஷோர் அதன் கடினத்தின் அளவு. சாதாரணமாக எடுத்துத் தருவது 70 ஷோர். மென்மையானது, 200 பாரில் இடுக்கு வழியே பிதுங்கிவிடும். அசையும் பாகத்துக்கு மட்டும் தயாரிப்பாளர் 70 சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். ஒரே அளவில் பத்து வாங்கி, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். பழைய ரிங்கின் உடலில் கொப்புளங்கள் தெரிந்தால், காற்றைத் திடீரென வெளியேற்றும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று பொருள். அழுத்தத்தில் ரப்பருக்குள் புகுந்த காற்று வெளிவர நேரம் கிடைக்காமல் உள்ளேயே வெடிக்கிறது. மெதுவாகத் திறங்கள்.

சிலிண்டரின் தேதி

உடலில் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். பந்தயத் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் காலம் பொதுவாகப் பத்து ஆண்டுகள். காலாவதியாகாத சிலிண்டரைக் கொண்டுவருவது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதியே சொல்கிறது. பழைய துப்பாக்கியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், கட்டையைத் தடவிப் பார்க்கிறார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. பத்து ஆண்டு தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பழையதைக் காற்றை மெதுவாக வெளியேற்றி, மரையை ரம்பத்தால் அறுத்து, வேறெவரும் மாட்ட முடியாதபடி செய்தபின் பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.